நத்தை முட்டை நனையக் கூடாது

போடியில் மீன்தொட்டிக்கு ஆப்பிள் நத்தை வாங்கிப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். ஒன்று தண்ணீர், மற்றொன்று முட்டை. மற்றதெல்லாம் மீன் வளர்த்தவர்களுக்குத் தெரிந்ததுதான்.

கண்மாயில் பொறுக்கிய நத்தையைத் தொட்டியில் போட்டுக் குஞ்சுக்குக் காத்திருக்க வேண்டாம். அது பைலா என்ற நம் ஊர் இனம். கரையோர ஈரமண்ணில் குழி பார்த்து வெள்ளை முட்டை இடும். கண்ணாடித் தொட்டியில் அதற்குக் கரை ஏது? கடையில் ‘மிஸ்டரி ஸ்னெய்ல்’ என்று மஞ்சளாக விற்கும் தென் அமெரிக்க இனத்தையே வாங்குங்கள். இதில் ஆண், பெண் தனித்தனி. பிரித்துப் பார்க்கிறேன் என்று ஓட்டைப் புரட்டி இம்சிக்காமல் ஆறு வாங்கினால் ஜோடி தானாக அமையும். இரண்டடித் தொட்டி போதும். மூடி கட்டாயம், இல்லையென்றால் இரவில் ஏறி வெளியே விழும்.

இனி தண்ணீர். போடிமெட்டுச் சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, மேலே ஏலத்தோட்ட வீடுகளில் வசிப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். பாறைமேல் வழியும் ஓடைத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு. மாதக்கணக்கில் அதிலேயே இருந்தால் நத்தை ஓடு வெளிறி, உச்சியில் குழி விழும். அதைவிடப் பெரிய ஆபத்து போர்டோ கலவை. ஏலக்காயில் அழுகல் நோய் வராமலிருக்க மழைக்கு முன் அடிக்கும் அந்த நீல மருந்தில் இருப்பது மயில்துத்தம், அதாவது தாமிரம். நத்தைக்குத் தாமிரம் விஷம். ஒருமுறை, தெளிப்பான் கழுவிய ஓடையிலிருந்து இரண்டு குடம் எடுத்து நண்பர் தொட்டியை நிரப்பினோம். காலையில் ஏழு நத்தைகளும் ஓட்டு வாயின் கதவை இறுக மூடிக்கொண்டு அடியில் கிடந்தன. ஒன்றுகூடத் தேறவில்லை. மருந்தடிக்கும் மாதங்களில் ஓடைத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடுகிற போர்த் தண்ணீர்தான் நத்தைக்கு நல்லது. அது கிடைக்காவிட்டால் ஒரு கணவாய் ஓட்டையோ, கழுவி நொறுக்கிய முட்டை ஓட்டையோ போடுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றுவது தவறு, அது தண்ணீரைக் காரமாக்கிவிடும். மீனுக்கு மருந்து ஊற்றுமுன் அதிலும் தாமிரம் இருக்கிறதா என்று புட்டியில் பாருங்கள்.

முட்டைக்கு வருவோம். இந்த நத்தை தண்ணீரில் முட்டையிடாது. இரவில் நீர்மட்டத்துக்கு மேலே ஏறி, கண்ணாடியிலோ மூடியின் அடியிலோ இளஞ்சிவப்புக் கொத்தாக ஒட்டும். அதனால் தண்ணீரை விளிம்புவரை நிரப்பாமல் நான்கு விரற்கடை இடம் விட வேண்டும். பலர் கொத்தைப் பார்த்ததும் “காய்ந்துவிடுமே” என்று தண்ணீர் தெளிக்கிறார்கள், அல்லது உள்ளே தள்ளிவிடுகிறார்கள். முழுகினால் உள்ளே இருக்கும் குஞ்சு மூச்சுத் திணறிச் செத்துப்போகும். ஒட்டிய இடத்திலேயே விட்டுவைப்பதுதான் முதல் வழி.

மூடியைத் திறந்து திறந்து மூடும் வீடாக இருந்தால், அல்லது ஆடிக்காற்று உள்ளே புகும் அறையாக இருந்தால், கொத்தைப் பெயர்த்துவிடலாம். புதுக்கொத்து ஜெல்லி மாதிரி இருக்கும், தொட்டால் நசுங்கும். ஒரு நாள் முழுக்க விட்டு, ஓடு இறுகியபின் ஈரவிரலால் இடம் வலமாக மெல்ல அசைத்தால் மொத்தமாகக் கழன்று வரும். மேல்நோக்கி இழுத்தால் உடையும். மூடியில் நாலு ஓட்டை போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் நனைத்துப் பிழிந்த துணியை விரித்து, அதன்மேல் ஒரு துண்டு பாலித்தீன், அதன்மேல் கொத்து. ஈரம் காற்றில் இருக்க வேண்டும், முட்டையில் படக் கூடாது. டப்பாவைத் தொட்டியிலேயே மிதக்கவிடுங்கள், சூடு சீராக இருக்கும். போடி வெயிலில் இரண்டு மூன்று வாரத்தில் பொரிந்துவிடும். மேட்டுக் குளிரில் இன்னும் நாளாகும், பொறுமை வேண்டும். கொத்து வெளிறிச் சாம்பல் பூத்தால் நாள் நெருங்கிவிட்டது. அப்போது டப்பாவைத் தொட்டித் தண்ணீரில் மெல்லச் சாய்த்தால், கடுகைவிடச் சற்றே பெரிய குஞ்சுகள் ஒவ்வொன்றாய் நகர்ந்து இறங்கும். முழு ஓடும் கொம்பும் அதற்குள்ளேயே இருப்பதைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள்.

ஃபில்டர் வாயில் பஞ்சு கட்டுங்கள். வேகவைத்த சுரைக்காய், கீரை கொடுத்து மிச்சத்தை அன்றன்றே எடுத்துவிடுங்கள். தொட்டியில் கை விட்டபின் சோப்புப் போட்டுக் கழுவுவது என் வீட்டில் சட்டம்.

ஒரு கொத்தில் நூறு குஞ்சுகூட வரும். கூடிப்போனால் கொட்டகுடி ஆற்றிலோ கண்மாயிலோ விடவே கூடாது. இதன் நெருங்கிய உறவான தங்க ஆப்பிள் நத்தை 1980களில் தைவானிலும் பிலிப்பைன்ஸிலும் நெல் நாற்றைத் தின்று தீர்த்தது. சின்ன வயதில் இரண்டையும் பிரித்தறிவது கடினம், கடைக்காரருக்கே தெரியாது. நமக்குப் பக்கத்திலேயே கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல் இருக்கிறது. வேண்டாத கொத்தை முதல் நாளே எடுத்து, ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்து, பிறகு குப்பையில் போடுங்கள்.