நிறைவும் மறுகாலும்

வறண்ட நாட்டிலிருந்துகொண்டு நிறைவைப் பற்றி எழுதப் புகுவது நகைப்பிற்கிடமாகத் தோன்றலாம். அருப்புக்கோட்டையினின்று திருச்சுழிக்குக் கோடைக்காலத்திற் செல்வார் காண்பன, வெடித்துப் பிளந்த கரிசற்காடும், நீரற்ற குண்டாற்று மணலும், எங்கணும் படர்ந்த சீமைக்கருவேலுமேயாம். பிரளய வெள்ளத்தை இறைவன் சுழித்து உள்வாங்கச் செய்த தலமாதலின் திருச்சுழி எனப் பெயர் பெற்றதென்பது தலவரலாறு. வெள்ளத்தாற் பெயர் பெற்ற ஊர் இன்று மழைக்கு வானை நோக்கி நிற்கின்றது. ஆயினும் நிறைவு இன்னதென்று நாம் கற்றது இந்நாட்டினிடத்தேதான். அதனை உணவு, பத்தி, மக்கள் வாழ்வு என்னும் மூன்றிடத்தும் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொற்களை நோக்குவாம். நிறைவு வேறு, மிகை வேறு. கலத்தின் வாயளவு நீர் வந்தவுடன் 'நிறைந்தது' என்கிறோம். ஆகவே நிறைவுக்கு ஓர் அளவு உண்டு. மிகையோ அளவு கடந்தது. அதுபற்றியே மிகை என்னும் சொல் நம் மொழியில் குற்றம் என்னும் பொருளையும் தாங்கி நிற்கின்றது. குறை என்பதும் அவ்வாறே இல்லாமையையும் குற்றத்தையும் ஒருங்கே உணர்த்தும். இவ்விரு குற்றங்கட்கும் நடுவே நிற்பதுதான் நிறைவு.

இனி, உணவை நோக்குவாம். கரிசல் மண் மழையில் ஊறிப் பருத்து, ஈரத்தை நெடுநாள் தன்னுட் காக்கும் இயல்பினது. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கும் மானாவாரிப் பயிர்களே இங்குப் பெரும்பான்மை. கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, பாசிப்பயறு, மல்லி, பருத்தி ஆகியன அவற்றுட் சில. குதிரைவாலி ஏறத்தாழ மூன்று திங்களிற் கதிர் முற்றும். சிறிது மழையே அதற்குப் போதும். நெற்சோறு விழா நாளுக்கும் விருந்தினருக்குமென ஒதுக்கப்பட்டிருந்த காலத்தில், எம் பாட்டியார் அண்டை வீட்டார் வந்தால் கம்பங்கூழ்ப் பானையை மறைத்து வைப்பாராம். அத்தானியங்களுக்கென்றே 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடிற்று. பானையிற் குறையில்லை, அதனைப் பார்த்த கண்ணிலேதான் குறை இருந்தது.

நிற்க. நிறைவின் இலக்கணத்தை நமக்குச் செவ்வையாகக் கற்பிப்பது கண்மாயே. மழைநீர் வரத்துக்கால் வழியே வந்து கண்மாயிற் பெருகும்; மடை வழியே வயலுக்குச் செல்லும்; நிறைந்தபின் எஞ்சியது கலுங்கின் மேலாக வழிந்து கீழூர்க் கண்மாய்க்கு ஓடும். இதனையே 'மறுகால் பாய்தல்' என்பர். எம்மூரில் கண்மாய் நிறைந்ததென்று எவரும் கூறக் கேட்டிலோம். 'மறுகால் பாய்ந்துவிட்டது' என்றே மகிழ்ந்து கூறுவர். மேலூரார் பேராசையாற் கலுங்கை உயர்த்தினால் கீழூர் காயும். அதனோடமையாது, பெருமழையில் மேலூர்க் கரையும் உடையும். ஆகவே கலுங்கு வைத்தது கீழூரார்க்குச் செய்த தருமம் மட்டுமன்று. தன் கரைக்குத் தானே செய்துகொண்ட காவலுமாம்.

பத்தியிலும் இந்நெறியே காண்கிறோம். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் பெற்ற மன்னா அன்றன்றைக்குப் போதுமானதாயிருந்தது. பேராசையால் மறுநாளுக்கு வைத்தது புழுத்தது. நம் ஆண்டவர் கூறிய உவமையில் வரும் ஐசுவரியவான், விளைவு மிகுந்தபோது பெரிய களஞ்சியங்கள் கட்ட நினைத்தான். எம்மூர் வழக்கிற் சொன்னால், கலுங்கை உயர்த்த நினைத்தான். அன்றிரவே அவன் கரை உடைந்தது. ஐயாயிரம் பேர் உண்ட அப்பங்களோ வாற்கோதுமையால் ஆனவை என்று யோவான் குறிக்கின்றார். அது ஏழையரின் தானியம். எம் பாட்டியார் மறைத்த கம்பு போன்றது. அவ்வற்புதம் எல்லாரும் உண்டதோடு முடியவில்லை. துணிக்கைகள் வீணாகாமற் சேர்க்கப்பட்டுப் பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன.

ஈண்டு ஒரு தடை எழும். 'போதுமென்ற மனமே நிறைவெனின், பசித்தவனை வாய்மூடியிருக்கச் சொல்வதற்கன்றோ இது உதவும்?' என்று வினவலாம். இவ்வினா நம்மையும் பலகால் வருத்தியதுண்டு. மழை பொய்த்த ஆண்டில், வயல் காய்ந்தவர் நடுவே அமர்ந்து, பரிபூரண வாழ்வைப் பற்றிய பிரசங்கத்தைக் கேட்பது எளிதன்று. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருடப் பஞ்சத்தில் இரயில் வண்டிகள் தானியத்தைச் சுமந்து சென்றன. விலையோ ஏழைக்கு எட்டவில்லை. 1877-இல் நிவாரண வேலை செய்த ஆடவனுக்கு நாட்கூலி, ஓர் இராத்தல் தானியத்தின் விலையும் சிறிது காசுமாகக் குறைக்கப்பட்டது. பஞ்சம் என்பது உணவின்மை மட்டுமன்று, உணவைப் பெறும் உரிமையின்மையுமாம் என்று அமர்த்திய சென் 1981-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அஃதாவது, மேலே நீர் இருந்தும் மறுகால் அடைபட்ட நிலை. அடைத்தவனைத் திருத்தாமல் காய்ந்தவனுக்கு மனநிறைவைப் போதிப்பது அறமாகாது. ஆண்டவரும் பசித்த திரளைப் போதனையோடு அனுப்பிவிடவில்லை, முதலிற் பந்தியிருத்தினார்.

அடைபட்ட மறுகாலைத் திறந்தவர்களும் இந்நாட்டில் உண்டு. தென்னாட்டுத் திருச்சபைகளில் பெண்கள் உலையிடும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துக் காணிக்கையாக்குவர். அசன நாளில் எல்லாரும் ஒரே பந்தியில் அமர்வர். அருகிலுள்ள விருதுநகரின் சத்திரிய வித்தியாசாலையும் வீடுதோறும் திரட்டிய பிடி அரிசியால் வளர்ந்ததென்பர். அங்குப் பயின்ற காமராசர் முதலமைச்சரானபின் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளிக்கச் செய்தார். 1977-இல் அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று முதலமைச்சரான எம்.ஜி.ஆர்., 1982-இல் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். ஒரு பிடி அரிசி எத்தனை கண்மாய்களைக் கடந்து பாய்ந்தது பாருங்கள்!

நண்பர்காள், கல்லூரியில் நாம் பெறும் கல்வியும் ஒரு நீர்வரத்தே. நம்மை இங்கு அனுப்பிவிட்டுக் கரிசற்காட்டில் வெயிலில் நிற்போர் பலர். பட்டம் பெற்றபின் நாம் நிறைந்தோமா என்பதை நம் வீட்டுப் பெட்டியை எண்ணி அறிதல் இயலாது. கீழூர்க் கண்மாயைச் சென்று பார்த்தே அறிதல் வேண்டும்.