விமானத்துல ஒரு மணி நேரம்தானே? டிக்கெட் எடுக்கும் முன் ஒரு கணக்கு

கோவையில் காலை 11 மணிக்கு உங்களுக்கு நேர்முகத் தேர்வு. இருப்பதோ சென்னையில். “விமானத்துல போனா ஒரு மணி நேரம்தானே, 9 மணி விமானம் போதும்” என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்க. முதலில் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

தூரம் எவ்வளவு?

கைபேசியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, சென்னை விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். சிவப்புக் குறி வந்ததும் ‘தூரத்தை அளவிடு’ என்பதைத் தொட்டு, வரைபடத்தைக் கோவை விமான நிலையம் வரை நகர்த்துங்கள். சுமார் 400 கி.மீ. என்று காட்டும். இது நேர்க்கோட்டுத் தூரம். ரயில் பாதையில் போனால் ஏறக்குறைய 495 கி.மீ.

பறக்கும் நேரம் எவ்வளவு?

மணிக்கு 800 கி.மீ. வேகம் என்றால் அரை மணி நேரத்தில் போய்விடலாமே? ஆனால் டிக்கெட்டில் சுமார் 1 மணி 10 நிமிடம் இருக்கும். காரணம், விமானம் நிற்கும் இடத்தை விட்டு நகர்வது முதல், கோவையில் வந்து நிற்பது வரை எல்லாமே அந்த நேரத்தில் அடங்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், மேலே ஏற வேண்டும், இறங்க வேகத்தைக் குறைக்க வேண்டும். முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரம்தான்.

உங்களுக்கு ஆகும் நேரம் எவ்வளவு?

• வீட்டிலிருந்து விமான நிலையம்: 1 மணி
• பாதுகாப்புச் சோதனை, காத்திருப்பு: 2 மணி
• விமானம்: 1 மணி 10 நிமிடம்
• பெட்டியை எடுத்து வெளியே வர: 30 நிமிடம்
• தேர்வு நடக்கும் இடத்துக்கு: 40 நிமிடம்

மொத்தம் 5 மணி 20 நிமிடம். 9 மணி விமானத்தில் போனால் 11.20-க்குத்தான் போய்ச் சேருவீர்கள். வேலை கை நழுவிப் போக அந்த 20 நிமிடம் போதும்!

7 மணி விமானம் என்றால் 9.20-க்குப் போய்விடலாம். ஆனால் வீட்டை விட்டு 4 மணிக்கே கிளம்பணும். அந்த நேரத்தில் மெட்ரோ ரயில் ஓடாது. வண்டிக்கு முந்தின இரவே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

வெப் செக்-இன் செய்தால் கவுண்டர் வரிசை மட்டும்தான் மிச்சம். பெட்டி கொடுக்க வேண்டுமானால், பெரும்பாலும் 60 நிமிடத்துக்கு முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள். விமானத்தில் ஏறும் வாசலை 25 நிமிடத்துக்கு முன் மூடுவார்கள்.

ரயிலையும் யோசியுங்கள். முந்தின நாள் மதியம் சென்னையிலிருந்து வந்தே பாரத்தில் ஏறினால், சுமார் 6 மணி நேரத்தில், இரவுக்குள் கோவை வந்துவிடும். சேரன் எக்ஸ்பிரஸில் இரவு தூங்கினால் காலையில் கோவையில் இறங்கலாம்.

எந்த ஊருக்குப் போனாலும், போய்ச் சேர வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கூடவே ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு டிக்கெட் எடுங்கள்.