வீட்டில் செய்யும் மின்சிகிச்சையும் கைமருந்தும்

தோல்நோய்ப் பிரிவுக்கு வருவோருள் பலர், வீட்டில் தாமே செய்து பார்த்தவற்றைக் கடைசியில்தான் சொல்கிறார்கள், சிலர் சொல்வதேயில்லை. மருத்துவர் கடிந்துகொள்வார் என்ற தயக்கமே காரணம். கைவியர்வைக்காகத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சியது, மருவின்மேல் 9 வோல்ட் மின்கலத்தை அழுத்திப் பிடித்தது, மச்சத்தில் சுண்ணாம்பு தடவியது, தேமலுக்கு எலுமிச்சை தேய்த்தது என நாங்கள் கேட்பவை பல. இவற்றுள் முதலாவதற்கு மருத்துவத்தில் உண்மையாகவே இடம் உண்டு. அதிலிருந்தே தொடங்குகிறோம்.

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அளவுமீறி வியர்க்கும் நோய் பலருக்கு உண்டு. தேர்வுத்தாள் நனைவதும், பிறருக்குக் கைகொடுக்கக் கூசுவதும் அவர்கள் அன்றாடம் படும் துன்பங்கள். அவர்களுக்கு நாங்கள் பரிந்துரைக்கும் சிகிச்சைகளுள் ஒன்று அயன்டோபோரெசிஸ். குழாய்நீர் ஊற்றிய இரண்டு தட்டுகளில் கைகளை வைத்து, அந்நீரின் வழியே சிறிதளவு நேர்த்திசை மின்னோட்டத்தைச் செலுத்துவதே இம்முறை. 1968இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் லெவிட் இதற்கான எளிய கருவியை விவரித்தார். அதன் பின்னர் இது பரவலாயிற்று. உள்ளங்கைக்குப் பெரும்பாலும் 15 முதல் 20 மில்லியாம்பியர் வரை, ஒரு முறைக்கு 20 முதல் 30 நிமிடம், வாரத்திற்கு மூன்று நான்கு முறை. ஆறு முதல் பத்து முறைக்குள் பலருக்கு வியர்வை குறையும். பிறகு வாரம் ஒருமுறை செய்துவந்தால் போதும். அடியோடு நிறுத்தினால் வியர்வை திரும்பும்.

முறையாகச் செய்யப்பட்ட கருவியை, மருத்துவரிடம் பழகிக்கொண்ட பின் வீட்டிலேயே பயன்படுத்தலாம். எங்கள் அச்சமெல்லாம் காணொளி பார்த்துத் தாமே இணைத்துக்கொள்ளும் கருவிகளைப் பற்றியது. ஒரு கையில் நுழையும் மின்னோட்டம் மார்பைக் கடந்தே மறு கைக்குச் செல்கிறது. மருத்துவக் கருவி அதன் அளவை மெல்ல உயர்த்தும், எல்லை மீறவிடாது. மலிவான கைபேசி மின்னேற்றியில் உள்ளே காப்பு பழுதானால், சுவரில் உள்ள 230 வோல்ட் அப்படியே தண்ணீருக்கு வந்துவிடக்கூடும். நனைந்த தோல் மின்சாரத்தைத் தடுக்கும் ஆற்றலைப் பெரிதும் இழந்திருக்கும். அந்நிலையில் இதயத் துடிப்பு நின்றுபோக நொடிகளே போதும்.

இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு நோயாளர்கள், கை கால்களில் உலோகத் தகடு வைத்தவர்கள் ஆகியோர் நல்ல கருவியாயினும் இச்சிகிச்சையை மேற்கொள்ளலாகாது. மற்றவர்களும் மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். சிறு வெட்டுக்காயங்களின்மேல் வாசலின் தடவிக்கொள்ள வேண்டும்.

இனி, மருவின்மேல் மின்கலம் வைக்கும் பழக்கம். மின்சாரம் மருவைச் சுட்டு உதிர்க்கிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். நிகழ்வது வேறு. நம் தோலின் ஈரத்தில் உப்பு இருக்கிறது. மின்னோட்டம் அதைப் பிரிக்கும்போது எதிர்முனையில் காரமும் நேர்முனையில் அமிலமும் உண்டாகின்றன. தோலை அரிப்பது அந்தக் காரமே. ஆகவே மின்கலம் வைப்பவரும் சுண்ணாம்பு வைப்பவரும் செய்வது ஏறத்தாழ ஒன்றுதான். பாட்டி வைத்தியமென்று ஒன்றை இகழ்ந்து மற்றொன்றை அறிவியலென்று நம்புவதற்கு இடமில்லை. காரப்புண் தொடக்கத்தில் அதிகம் வலிப்பதில்லை. உள்நோக்கி அரித்துச் சென்று, சில மணி நேரத்திற்குப் பின்னரே தன் ஆழத்தைக் காட்டும். 1875இல் சார்லஸ் மிச்செல் என்ற கண் மருத்துவர், கண்ணை உறுத்தும் இமைமுடிகளை இதே விளைவைக் கொண்டு அகற்றினார். ஆனால் அவர் ஒரு முடியின் வேருக்குள் ஒரு நுண்ணூசியைச் செலுத்திச் செய்தார்.

நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவர்களுக்கு இத்தகைய புண் காலையே இழக்கும் நிலைவரை கொண்டுசெல்லக்கூடும். காலாணியைத் தாமே சுடுவதும் பிளேடால் சீவுவதும் அவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் கொள்வீர்களாயின், அது அடுத்து வருவதாக இருக்கட்டும். மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் நம்மிடையே அரிது. வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களையே பெரிதும் பற்றுகிறது. கறுத்த புள்ளியைச் சுட்டுவிட்டால் மேற்பகுதி மறையும். அடியில் இருப்பது வளரும். திசுப் பரிசோதனைக்கு வேண்டிய பகுதியும் சிதைந்து போகும். பாதத்தில் பெரிதாகிவரும் கரும்புள்ளி, ஒழுங்கற்ற விளிம்பு, பல நிறங்கள் கலந்த மச்சம், இரத்தம் கசிவது, நகத்தில் அகன்றுகொண்டே போகும் கருங்கோடு ஆகியவற்றின்மேல் எதையும் வைக்காமல் எங்களிடம் காட்டுங்கள். அதுபோலவே, வெளிறிய படையொன்றில் மின்சாரம் வைத்தும் உறைக்கவில்லை என்றால் மகிழ வேண்டாம். உணர்ச்சியற்ற படை தொழுநோயின் அறிகுறி. அதற்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம், முழுமையாகக் குணமாகும்.

மரு போனது உண்மைதானே என்று கேட்பீர்கள். குழந்தைகளின் மருக்களில் பெரும்பகுதி இரண்டாண்டுகளுக்குள் தாமாகவே மறைபவை. அவ்வேளையில் எதைத் தடவிக்கொண்டிருந்தோமோ அதற்குப் புகழ் போய்ச் சேருகிறது.

மூலிகைகள் அனைத்தையும் நாங்கள் ஒதுக்குவதில்லை. வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் நல்லதே. ஆயின் நசுக்கிய பூண்டை வைத்துக் கட்டினால் தோல் வெந்துபோகும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் எழும்பி, கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். சேராங்கொட்டையைச் சித்த மருத்துவரே சுத்தி செய்யாமல் கையாள்வதில்லை. அதன் பச்சைப் பால் பட்ட இடம் கொப்புளித்துவிடும்.

ஏற்கனவே புண்ணாகியிருந்தால் வைத்த பொருளை அகற்றி, ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். உலர்ந்த சுண்ணாம்புத் தூளாயின் முதலில் துடைத்தெடுத்த பின்பே கழுவ வேண்டும். மஞ்சள், பற்பசை, பேனா மை எதுவும் பூச வேண்டாம். வரும்போது, தடவிய பொருளில் மிச்சம் இருந்தால் அதே டப்பாவிலோ பொட்டலத்திலோ எடுத்து வாருங்கள். கருவியாயின் அதையும் கொண்டு வாருங்கள்.