பிளாப்பியில் உறங்கும் விளையாட்டுகள்

புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம் என்ற ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1955-இல் தொடங்கப்பட்டது. அங்கும், அதே ஊரில் உள்ள தூரக்கிழக்கு பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியிலும் சுமார் 11,000 சுவடிகள் காக்கப்பட்டு வருகின்றன. பெரும்பாலானவை சைவ சமயம் பற்றிய ஓலைச்சுவடிகள். 2005-இல் யுனெஸ்கோ இவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

ஓலையைப் பூச்சி அரிக்கும். ஈரம் மக்கச் செய்யும். அப்படியிருந்தும் பழைய நூல்கள் நமக்கு எப்படிக் கிடைத்தன? ஓலை நைந்து போகுமுன் ஒருவர் புதிய ஓலையில் படியெடுத்தார். அது மட்டும் போதுமா? இச்சுவடிகளில் பல கிரந்த எழுத்தில் உள்ளவை. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் இல்லையென்றால் ஓலை இருந்தும் பயனில்லை. ஆகவே படியெடுப்பவர், படிக்கத் தெரிந்தவர் ஆகிய இருவரும் தேவை.

உங்கள் வீட்டுப் பரணில் சதுரமான பழைய பிளாப்பிகள் சில கிடக்கலாம். அவற்றில் உங்கள் மாமாவோ சித்தியோ பள்ளி நாட்களில் ஆடிய விளையாட்டு இருக்கலாம். அதை இன்றைய கணிப்பொறியில் ஓடச் செய்வதற்கும் இந்த இரண்டுமே தேவை. எப்படி என்று பார்ப்போமா?

பிளாப்பிக்குள் என்ன இருக்கிறது?

உறைக்குள் இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் வட்டு. அதன் மேல் இரும்பு ஆக்சைடு போன்ற காந்தப்பொருள் பூசப்பட்டிருக்கும். வட்டு சுழலும்போது ஒரு சிறிய தலை அதைத் தொட்டபடி காந்தக் குறிகளைப் பதிக்கும், பதித்ததைப் படிக்கும். குறிகள் வட்ட வட்டமான தடங்களில் அமையும். ஒவ்வொரு தடமும் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்.

மூன்றரை அங்குலப் பிளாப்பியின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பக்கங்கள் 2, பக்கத்துக்குத் தடங்கள் 80, தடத்துக்குப் பகுதிகள் 18, பகுதிக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560 பைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூடப் பெரும்பாலும் இதில் அடங்காது. ஆனால் அன்று ஒரு முழு விளையாட்டே இதில் அடங்கியது!

முதல் வேலை: படியெடுத்தல்

புதுச்சேரி கடலோர ஊர். காற்றில் ஈரம் அதிகம். ஈரத்தில் வட்டின் மேல் பூஞ்சை படரும். பூஞ்சை பிடித்த பிளாப்பியை அவசரப்பட்டு இயந்திரத்தில் செருகாதீர்கள். தலையில் அழுக்கு ஒட்டிக்கொண்டு அந்த வட்டையும் கீறும். அடுத்துச் செருகும் வட்டையும் கீறும். முதலில் உறையின் திறப்பு வழியே வட்டைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

வட்டு சுத்தமாக இருந்தால் முதலில் எழுத்துத் தடையைப் போடுங்கள். மூன்றரை அங்குலப் பிளாப்பியின் மூலையில் உள்ள சிறு கதவை நகர்த்தித் துளை தெரியும்படி செய்தால் அதில் எதுவும் எழுத முடியாது. ஐந்தேகால் அங்குலப் பிளாப்பிக்கு இதற்கு நேர்மாறு: ஓரத்தில் உள்ள வெட்டை ஒட்டுத்தாளால் மூடினால்தான் தடை.

மூன்றரை அங்குல வகைக்கு யுஎஸ்பி மூலம் இணைக்கும் படிப்பான் போதும். ஐந்தேகால் அங்குலத்துக்குப் பழைய படிப்பானே தேவை. அதை இன்றைய கணிப்பொறியோடு இணைக்க கிரீஸ்வீசல், கிரையோஃபிளக்ஸ் போன்ற சிறு மின்னணுப் பலகைகள் இருக்கின்றன. இவை வட்டில் உள்ள காந்த மாற்றங்களை அப்படியே பதிவு செய்பவை. திருட்டுப் படியைத் தடுக்க வேண்டுமென்றே விசித்திரமாக எழுதப்பட்ட வட்டுகளைக்கூட இவற்றால் பெரும்பாலும் படியெடுக்க முடியும்.

கோப்புகளை ஒவ்வொன்றாக எடுப்பதைவிட வட்டு முழுவதையும் ஒரே கோப்பாகப் படியெடுப்பதே சிறந்தது. இதை வட்டுப்படிமம் என்பார்கள். படிமம் கிடைத்தவுடன் அதை இரண்டு மூன்று இடங்களில் சேமித்து வையுங்கள்.

இரண்டாவது வேலை: படிக்கத் தெரிந்த கணிப்பொறி

படிமம் கிடைத்துவிட்டது. விளையாட்டு ஓடுமா? ஓடாது! அது 16 பிட் கணிப்பொறிக்காக எழுதப்பட்டது. இன்றைய 64 பிட் விண்டோஸ் அந்த ஆணைகளை ஏற்பதில்லை. வேகமும் ஒரு தடை. 1981-இல் வந்த ஐபிஎம் கணிப்பொறியின் கடிகாரம் நொடிக்கு 47.7 லட்சம் முறை துடித்தது. இன்று 300 கோடி முறை துடிப்பது சாதாரணம்; ஏறக்குறைய 630 மடங்கு! பழைய விளையாட்டுகள் சில, "இத்தனை வரை எண்ணிவிட்டு அடுத்த அடி வை" என்று கணிப்பொறிக்குக் கட்டளையிட்டன. இன்றைய கணிப்பொறி அதைக் கண்மூடித் திறப்பதற்குள் எண்ணிவிடும். நீங்கள் விசையைத் தொடுமுன் ஆட்டம் முடிந்திருக்கும்.

இதற்கு வழி எமுலேட்டர். பழைய கணிப்பொறியைப் போலவே நடிக்கும் புரோகிராம் இது. 2002-இல் வெளிவந்த டாஸ்பாக்ஸ் இவ்வகையில் புகழ்பெற்றது, இலவசமானது. பழைய செயலி, பழைய ஒலி அட்டை, பழைய திரை எல்லாமாக அதுவே நடிக்கும். உங்கள் கணிப்பொறியின் ஒரு ஃபோல்டரை 'மவுண்ட்' என்ற கட்டளையால் அதற்குக் காட்டினால், அதைப் பழைய கணிப்பொறியின் வட்டாகவே எடுத்துக்கொள்ளும். ஆட்டம் மிக வேகமாக ஓடினால் கன்ட்ரோல் விசையோடு எஃப்11-ஐ அழுத்திக் குறைக்கலாம். எஃப்12-ஐ அழுத்திக் கூட்டலாம்.

எதை முதலில் காப்பது?

1989-இல் வெளியான 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' விளையாட்டை நம் நாட்டிலும் பலர் ஆடியிருக்கிறார்கள். அதை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் எழுதிய மூல நிரல் பல ஆண்டுகள் காணாமல் போயிருந்தது. 2012-இல் அவருடைய தந்தை ஒரு பழைய பெட்டியில் அந்தப் பிளாப்பிகளைக் கண்டெடுத்தார். வல்லுநர்கள் அவற்றைப் படித்து நிரலை மீட்டார்கள். அது உலகுக்கே வெளியிடப்பட்டது. பெட்டியைக் குப்பையில் போட்டிருந்தால்?

நம் நாட்டுக்கு வருவோம். 1984-இல் 'கிளாஸ்' என்ற கல்வித் திட்டம் தொடங்கி, இந்தியப் பள்ளிகள் பலவற்றுக்கு பிபிசி மைக்ரோ கணிப்பொறிகள் வழங்கப்பட்டன. அவற்றின் நினைவகம் 32 கிலோபைட்டுதான்! வட்டில் எழுதும் முறையும் வேறு. இன்றைய யுஎஸ்பி படிப்பான் அதைப் படிக்காது. ஆனால் மேலே சொன்ன மின்னணுப் பலகைகள் படிக்கும். பீப்எம் என்ற எமுலேட்டர் அதை ஓட்டும்.

கடையில் விற்ற விளையாட்டுக்கு உலகில் எங்காவது இன்னொரு படி இருக்கும். ஒரு மாணவி தானே எழுதிய விளையாட்டுக்கோ, ஓர் ஆசிரியர் தமக்கென எழுதிய கணக்குப் பயிற்சிக்கோ வேறு படி இருக்காது. எனவே கையால் பெயர் எழுதிய பிளாப்பிகளை முதலில் படியெடுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். பழையது என்பதாலேயே ஒரு புரோகிராமின் பதிப்புரிமை தீர்ந்துவிடாது. உங்களிடம் உள்ளதைக் காத்து வையுங்கள். பிறர் படைப்பை அனுமதியின்றிப் பரப்பாதீர்கள்.

செய்து பாருங்கள்: ஐந்தேகால் அங்குலப் பிளாப்பி ஒன்றில் 2 பக்கங்கள்; பக்கத்துக்கு 40 தடங்கள்; தடத்துக்கு 9 பகுதிகள்; பகுதிக்கு 512 பைட். மொத்தம் எவ்வளவு?

(விடை: 3,68,640 பைட்)