விதைக்காமல் முளைத்தவை

கோவையில் எங்கள் வீட்டுப் பொடக்காலியில், அதாவது கொல்லைப்புறத்தில், நான் நட்டதைவிடத் தானாக வந்ததுதான் அதிகம். பெயர் தெரியாத செடி ஒன்று தலைகாட்டினால், கைப்பேசியை எடுப்பதற்கு முன் அது எங்கே முளைத்திருக்கிறது என்று பார்ப்பேன். துணிக்கம்பிக்கு நேர் கீழே என்றால் பறவை போட்ட விதையாக இருக்கும்: வேம்பு, அரசு, கோவைக்கொடி. கழிவுக் குழிக்குப் பக்கத்தில் என்றால் தக்காளி, பப்பாளி, பூசணி. நர்சரித் தொட்டியோடு வந்து சேர்ந்தது என்றால் புளியாரையோ கோரையோ. பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும்.

அடுத்து தண்டு. இலையை நம்ப முடியாது; ஒரே செடி வெயிலில் சின்ன இலையும் நிழலில் பெரிய இலையும் விடும். பூந்தண்டை விரலிடுக்கில் உருட்டும்போது மூன்று விளிம்பு தட்டுப்பட்டால் கோரை. உருண்டையாக, கணுக்கணுவாக இருந்தால் புல். நாலு பட்டையாக இருந்து, இலைகள் எதிரெதிரே ஜோடி சேர்ந்து, கசக்கினால் வாசமும் வந்தால் துளசியின் சொந்தக்காரர்களில் தேடலாம். கிள்ளினால் பால் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். அம்மான் பச்சரிசிக்குப் பால் உண்டு, எருக்குக்கும் உண்டு. கிள்ளிய கையைக் கழுவாமல் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது; எருக்கம்பால் கண்ணுக்குக் கெடுதல்.

எங்கள் தெருவில் அதிகம் குழப்புவது கரிசலாங்கண்ணியும் வெட்டுக்காயப் பூண்டும். இரண்டும் தரையோடு படரும், இரண்டின் இலையும் சொரசொரப்பு. கரிசலாங்கண்ணி என்று சொல்லி ஒருநாள் ஒரு கட்டைப் பறித்து வைத்திருந்தார்கள் எதிர்வீட்டில். பக்கத்து வீட்டு ஆத்தா ஒரு தண்டை ஒடித்துக் கசக்கிக் காட்டினார். "கருக்குதா பாரு கண்ணு. கருக்கலைன்னா இது அது இல்ல." பச்சையாகவே இருந்தது. கரிசலாங்கண்ணிச் சாறு சற்று நேரத்தில் கறுத்துவிடும். பூத்துவிட்டால் கசக்கவும் தேவையில்லை. கரிசலாங்கண்ணிப் பூ வெள்ளை, இலைக்கக்கத்தில் குட்டைக் காம்பில் இருக்கும். வெட்டுக்காயப் பூண்டின் பூ நடுவில் மஞ்சளாக, நீளக் காம்பின் உச்சியில் தனியே நிற்கும். காய்ந்தால் விதைகள் பஞ்சு முளைத்துப் பறக்கும். இடமும் துப்புத் தரும்: முன்னது ஈரம் தேடி வாய்க்கால் ஓரம் வரும், பின்னது காய்ந்த மண்ணிலும் கவலையில்லாமல் படரும்.

கீழாநெல்லிக்கு இவ்வளவு பாடு இல்லை. இலைக்கொத்தைத் திருப்பினால் அடியில் கடுகளவு காய்கள் வரிசையாகத் தொங்கும்.

மற்றவற்றில் பூ வந்தால்தான் குழப்பம் தீரும் என்பதால் பொதுவாகப் பூக்கும்வரை விட்டுவைப்பேன். ஒரே விதிவிலக்கு பார்த்தீனியம். இளம் செடி சாமந்தி நாற்றுப்போல வெட்டுவெட்டான இலைகளோடு தரையில் அப்பிக் கிடக்கும். 1950களில் புனேயில் கண்ணில் பட்டு, பிறகு நாடு முழுக்கப் பரவிய செடி இது. பூக்க விட்டால் ஆயிரக்கணக்கில் விதை கொட்டும். தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் கூடவே வரும். கையுறை போட்டு வேரோடு பிடுங்கிவிடுவேன்.

படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் கூகுள் லென்ஸ், பிளான்ட்நெட் போன்ற செயலிகளையும் பயன்படுத்துகிறேன். செடி முழுவதையும் ஒரே படமாக எடுத்துப் போட்டால் தோராயமாகத்தான் சொல்லும். பூ, இலையின் முதுகு, இலை தண்டைப் பிடிக்கும் இடம் என்று தனித்தனியாக எடுத்தால் தேறும். வரும் பெயரைத் துப்பாக மட்டும் வைத்துக்கொண்டு தண்டையும் பூவையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். செயலி சொன்னதை நம்பி எதையும் வாயில் வைப்பதில்லை.

பெயர் தெரிந்த பிறகும் ஒன்றில் எச்சரிக்கை வேண்டும்: கழிவுக் குழியில் தானாக வந்த சுரை. பார்த்தால் சந்தைச் சுரைக்காய்தான். ஆனால் சில கொடிகளின் காய் கடுங்கசப்பு. அந்தக் கசப்பே நஞ்சு; வேகவைத்தாலும் போகாது, வாந்தியும் வயிற்றுப்போக்குமாக ஆளைப் படுக்கவைத்துவிடும். ஒரு துணுக்கை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுகிறேன். கசந்தால் காய் குப்பை வண்டிக்கு. குழியில் போட்டால் அடுத்த மழைக்கு அதுவே கொடியாக வந்து நிற்கும்.