எருசலேம் மதிலில் ஒரு நச்சுச் செடி



எருசலேமுக்குப் போய் வந்தவர்கள், மேற்கு மதிலின் பெரிய கற்களுக்கிடையே செடிகள் தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். அவற்றில் ஒன்று மஞ்சள் பூ பூக்கும். பூவின் உட்புறம் கருஞ்சிவப்பு. மண் என்று சொல்ல ஒன்றுமில்லாத கல்லிடுக்கிலும் வறண்ட பாறையிலும் அது செழித்து நிற்கிறது. கத்தரி, தக்காளி, ஊமத்தை இவற்றின் குடும்பம்தான். நம் நாட்டு மருந்துக் கடைகளில் குரோசாணி ஓமம் என்று கிடைக்கும் விதை இதன் நெருங்கிய உறவுச் செடியினுடையது. (பெயரைப் பார்த்துச் சமையல் ஓமம் என்று எண்ணிவிட வேண்டாம்!)

எபிரெய மொழியில் இவ்வகைச் செடிக்கு 'வெறி' என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. பிரதான ஆசாரியரின் பொற்கிரீடத்தை வர்ணிக்கும் முதல் நூற்றாண்டு யூத சரித்திர ஆசிரியர் யோசேப்பஸ், அதிலிருந்த சிறு கிண்ண வடிவத்துக்கு இவ்வகைச் செடியின் புல்லிக் கிண்ணத்தையே உவமையாகக் காட்டுகிறார்.

வேர், இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு. தின்றவருக்கு நாக்கு வறளும், கண்மணி விரியும், தோல் சிவந்து கொதிக்கும், நாடி ஓடும், சிறுநீர் அடைபடும். பிறகு இல்லாததைப் பிடிக்கக் காற்றில் கை துழாவுவார்கள். பிள்ளைகளுக்குச் சிறிதளவும் ஆபத்து.

இதற்குக் காரணம் ஹயோசயமின், ஸ்கோபோலமின் என்னும் பொருட்கள். கைகர், ஹெஸ்ஸே என்ற இருவர் 1833இல் ஹயோசயமினைப் பிரித்தெடுத்தனர். அது பிரிக்கப்படும்போதே உருமாறி அட்ரோபின் ஆகிறது. ஆம், எங்கள் அவசரப் பிரிவு அலமாரியில் இருக்கும் அதே அட்ரோபின்தான்.

வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தைக் குடித்துவிட்டவரைக் கொண்டுவரும்போது அதன் அருமை தெரியும். ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்து, நரம்புச் செய்தியைக் கொண்டுசெல்லும் அசிட்டைல்கோலின் அழியாதபடி தடுக்கிறது. அது உடலில் பெருகுவதால் வாயில் நுரை தள்ளும், நுரையீரலில் நீர் கோக்கும், இருதயம் தளரும், கண்மணி ஊசிமுனையாகும். மேலே சொன்னவற்றுக்கு எல்லாம் எதிர்மாறு! அட்ரோபின் அந்த அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மார்பில் குழல் வைத்துக் கேட்டு, இரைச்சல் தெளியும்வரை அளவை இரட்டித்துக்கொண்டே போவோம். தசைத் தளர்ச்சிக்கு இது உதவாது. மூச்சுவிட இயந்திரம் வேண்டியவர்களும் உண்டு.

இரைச்சல் தெளிந்த பின்னும் இரவெல்லாம் ஒரு தாதி கட்டிலருகே இருக்கவேண்டும். வயிற்றின் சத்தம் அடங்கி, உடல் கொதித்து, நோயாளி போர்வையில் எதையோ பொறுக்க ஆரம்பித்தால், மருந்து மிஞ்சிவிட்டது என்று அறிந்து சொட்டை நிறுத்துவாள். தெளிந்ததும் குறைந்த அளவில் மீண்டும் தொடங்குவோம்.