துண்டுச்சீட்டும் கணக்கேடும்

பிழைப்புத் தேடி ஊர்விட்டுச் செல்வோரின் வாழ்வைப் பல நேரங்களில் ஒரு சிறு தாளே முடிவு செய்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகச் சிற்றூர்களிலிருந்து இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டியவர் கங்காணி. பயணத்திற்கும் உணவிற்கும் அவர் கொடுத்த முன்பணம், தோட்டத்தை அடையும் முன்பே தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறிவிடும். வேறு தோட்டத்திற்கு மாறவேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். கங்காணியும் அவர்கீழ் உள்ளோரும் பட்ட கடனைக் குறித்து, அத்தொகையைக் கட்டுபவரிடம் அவர்களை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதித்தரும் சீட்டு அது. புதிய துரை பணம் கட்டுவார். தொழிலாளியின் கடனோ தீராது, கடன் கொடுத்தவர் மட்டுமே மாறுவார். மனிதருக்கு விலை எழுதிய சீட்டு என்றே இதனைக் கூறவேண்டும். 1921ஆம் ஆண்டில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

முன்பணத்தால் பிணிக்கும் வழக்கம் அத்துடன் ஒழியவில்லை. விடுதலை பெற்ற இந்தியாவிலும், ஒடிசாவின் சிற்றூர்களிலிருந்து ‘சர்தார்’ எனப்படும் முகவர்கள் உழைப்பாளரைத் தொலைதூரக் கட்டுமானப் பணிகளுக்கு அழைத்துச் சென்றனர். ‘தாதன்’ தொழிலாளர் எனப்பட்ட அவர்கள் அடைந்த துயரமே, மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளருக்கான சட்டம் 1979இல் இயற்றப்படக் காரணமாயிற்று.

இச்சட்டமும் ஒரு தாளையே கருவியாகக் கொண்டது. ஒப்பந்ததாரர் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒளிப்படம் ஒட்டிய கணக்கேடு தரவேண்டியிருந்தது. பணியிடம், பணிக்காலம், கூலி, பிடித்தம், ஊர் திரும்பும் செலவு ஆகியன இந்தியிலும் ஆங்கிலத்திலும், அவற்றோடு தொழிலாளியின் மொழியிலும் அதில் எழுதப்படவேண்டியிருந்தது. துண்டு கங்காணியின் கையில் இருந்தது. கணக்கேடு தொழிலாளியின் கைக்கு உரியதாயிருந்தது. பணிக்காலம் முடிந்தபின் ஒப்பந்ததாரருக்கோ முதன்மை உரிமையாளருக்கோ தரவேண்டிய கடன் எஞ்சியிருப்பின், அது தீர்ந்ததாகவே கொள்ளப்படும் என்னும் விதி, பழைய துண்டின் வேரையே அறுப்பதாயிருந்தது. ஒப்பந்ததாரர் கூலி தரத் தவறினால் முதன்மை உரிமையாளரே தரவேண்டியிருந்தது.

ஆயினும் ஒப்பந்ததாரர் வழியாக வந்தோர்க்கே, அதுவும் ஐவரேனும் பணிபுரியும் இடத்திலேயே இச்சட்டம் பொருந்தியது. தாமே தொடர்வண்டி ஏறித் திருப்பூரின் பின்னலாடை ஆலைகளுக்கு வரும் பீகார், ஒடிசா இளைஞருக்கு அக்கணக்கேடு கிடைக்க வழியில்லாதிருந்தது. 2020இல் இயற்றப்பட்ட பணிப்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, தாமே வருவோரையும் புலம்பெயர் தொழிலாளர் என ஏற்றது, இது வரவேற்கத்தக்கதே. ஆனால், அதே தொகுப்பு ஐந்து என்னும் எண்ணைப் பத்தாக உயர்த்தியது. வெளிமாநிலத்தவர் ஒன்பதுபேர் மட்டும் உழைக்கும் பட்டறை, அவர்களுக்கெனத் தனியே வகுத்த விதிகளுக்குப் புறத்தே நிற்கிறது.